குடல் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மனநலமும் சமூக வாழ்வும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய், குடல் அடைப்பு, குடலில் துளை, விபத்துக் காயம், நாள்பட்ட குடல் அழற்சி ஆகிய காரணங்களால் குடலின் ஒரு பகுதியை அகற்ற நேரிடலாம். அவ்வாறு அகற்றப்படும்போது சிலருக்கு வயிற்றின் மேற்புறத்தில் ஒரு திறப்பு அமைக்கப்பட்டு, அதன் வழியே மலம் ஒரு பையில் சேருமாறு செய்யப்படுகிறது. இத்திறப்பு ஸ்டோமா எனப்படுகிறது. அறுவைக் காயம் சில வாரங்களில் ஆறிவிடும். மனம் ஆறுவதற்கு அதைவிடக் கூடுதலான காலம் தேவைப்படுகிறது. ஸ்டோமாவுடன் வாழத் தொடங்குவோரின் மனநிலை, குடும்ப உறவு, வெளியுலக வாழ்வு ஆகியவற்றைப் பற்றி இப்பக்கம் விளக்குகிறது.

ஸ்டோமா பற்றிய அடிப்படைச் செய்திகள்

பெருங்குடலிலிருந்து அமைக்கப்படும் திறப்பு கொலாஸ்டமி எனவும், சிறுகுடலின் இறுதிப் பகுதியிலிருந்து அமைக்கப்படும் திறப்பு இலியோஸ்டமி எனவும் அழைக்கப்படுகின்றன. கொலாஸ்டமியில் மலம் பெரும்பாலும் ஓரளவு கெட்டியாகவும், இலியோஸ்டமியில் நீர்த்தும் வெளியேறும். சிலருக்கு ஸ்டோமா தற்காலிகமானது. குடல் ஆறிய பின்னர் மற்றோர் அறுவைச் சிகிச்சையின் மூலம் மூடப்படும். சிலருக்கு அது நிரந்தரமானது.

நலமான ஸ்டோமா, வாயின் உட்புறத்தைப் போல ஈரமாகவும் சிவப்பாகவும் இருக்கும். அதில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. ஆகவே அதைத் தொடுவதால் வலிக்காது. துடைக்கும்போது சிறிதளவு இரத்தம் கசிவது இயல்பு. முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் வீக்கம் வடிந்து ஸ்டோமாவின் அளவு சுருங்கும்.

ஸ்டோமாவில் தசைக்கட்டுப்பாடு கிடையாது. மலமும் வாயுவும் எப்போது வெளியேறும் என்பதை நோயாளி தீர்மானிக்க இயலாது. சிறுவயதில் கற்றுக்கொண்டு, அதன்பின் ஒருபோதும் எண்ணிப் பார்க்கத் தேவையில்லாதிருந்த ஒரு கட்டுப்பாட்டை வளர்ந்த வயதில் இழப்பதே பெரும்பாலோரின் மனத்துயருக்கு அடிப்படையாகும்.

மனத்தில் எழும் உணர்வுகள்

அதிர்ச்சி, அழுகை, கோபம், அருவருப்பு, வெட்கம், எதிர்காலம் பற்றிய அச்சம் ஆகியவை தொடக்க வாரங்களில் பலருக்கும் தோன்றும். "உயிர் பிழைத்ததே போதும்" என்ற நன்றியுணர்வும், "இப்படி வாழ்வதற்குப் பிழைக்காமலே இருந்திருக்கலாம்" என்ற வேதனையும் ஒரே நாளில் ஒருவரிடமே மாறிமாறி எழக்கூடும். இது மனவலிமைக் குறைவன்று; உடலில் ஏற்பட்ட ஓர் இழப்புக்கு மனம் காட்டும் இயல்பான எதிர்வினை. திட்டமிட்ட அறுவைச் சிகிச்சையைவிட, நள்ளிரவில் அவசரமாகச் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சைக்குப் பின் கண்விழித்துப் பையைக் காண்போருக்கு இவ்வதிர்ச்சி மிகுதியாக இருக்கும்.

மலக்குடலும் ஆசனவாயும் முழுமையாக அகற்றப்பட்ட சிலருக்கு, மலம் கழிக்க வேண்டும் என்ற உந்துதல் முன்போலவே தோன்றும். காலை இழந்தவருக்குக் கால் இருப்பது போன்ற உணர்வு ஏற்படுவதை ஒத்தது இது. மனப்பிறழ்வு எனக் கருதி மறைக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

தாமே செய்யக் கற்றல்

மருத்துவமனையில் முதல் நாள்களில் செவிலியரே பையை மாற்றுவார். வீடு திரும்பிய பின் பல குடும்பங்களில் மனைவியோ மகளோ அப்பணியை ஏற்றுக்கொள்வதும், நோயாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பதும் வழக்கமாகிவிடுகின்றன. அன்பினால் செய்யப்படும் இவ்வேற்பாடு நீடித்தால், பையை மாற்றுபவர் உடன் இல்லாமல் நோயாளி ஓரிரவுகூட வெளியூரில் தங்க இயலாத நிலை உருவாகும். சுயமரியாதையும் அதனுடன் குறையும்.

எனவே பராமரிப்பைப் படிப்படியாகத் தாமே செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் ஸ்டோமாவைக் கண்ணாடியில் பாருங்கள். பின்னர் செவிலியர் முன்னிலையில் வெதுவெதுப்பான நீரால் தூய்மை செய்யுங்கள். அடுத்துப் பையை நீங்களே காலி செய்யுங்கள். இறுதியாகப் பையை அகற்றிப் புதியதைப் பொருத்துங்கள். மருத்துவமனையிலிருந்து விடைபெறுவதற்கு முன் ஒருமுறையாவது முழுப் பணியையும் உங்கள் கையால் செய்து பார்ப்பது நல்லது. கண்பார்வைக் குறைவு, கைநடுக்கம், முதுமை ஆகிய காரணங்களால் தாமே செய்ய இயலாதோர் பிறர் உதவியைப் பெறுவதில் தவறில்லை. அவர்களுக்கும் இயன்ற ஒரு பகுதியை, எடுத்துக்காட்டாகப் பையைக் காலி செய்வதை, அவர்களிடமே விட்டுவிடலாம்.

கசிவும் நாற்றமும் வெளியே செல்வதற்கான பெருந்தடைகளாகும். இவ்விரண்டும் பெரும்பாலும் பொருத்துதலில் உள்ள குறைகளால் ஏற்படுவன. பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

• பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள். முழுதும் நிரம்பிய பை தன் எடையாலேயே ஒட்டுப்பகுதியைப் பிரித்துவிடும்.
• ஸ்டோமா சுருங்குவதால், முதல் இரண்டு மாதங்களில் அதன் அளவை அவ்வப்போது அளந்து, ஒட்டுத்தகட்டின் துளையை அதற்கேற்ப வெட்டுங்கள். துளை ஸ்டோமாவைவிட இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும்.
• ஒட்டுவதற்கு முன் சுற்றுத்தோல் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய், முகப்பவுடர், எண்ணெய்ப்பசை மிகுந்த சோப்பு ஆகியவற்றைத் தவிர்க்கவும்.
• சரியாகப் பொருத்தப்பட்ட பையிலிருந்து நாற்றம் வெளிவராது. பை மூடியிருக்கும்போது நாற்றம் எழுந்தால், கசிவு உள்ளதா எனப் பாருங்கள்.
• வெங்காயம், பூண்டு, முட்டை, மீன், முட்டைக்கோஸ் போன்றவை சிலருக்கு வாயுவையும் நாற்றத்தையும் மிகுவிக்கும். தயிரும் மோரும் சிலருக்கு அவற்றைக் குறைக்க உதவும்.

பைகளின் செலவும் மனச்சுமையின் ஒரு பகுதியே. செலவுக்கு அஞ்சிச் சிலர் சாதாரண நெகிழிப் பையையும் துணியையும் வயிற்றில் கட்டிக்கொள்கின்றனர். மலம் தோலில் பட்டுப் புண்ணாகி, பிறகு எந்தப் பையும் ஒட்டாத நிலை ஏற்படுகிறது. பணத்தட்டுப்பாடு இருப்பின் அதை மருத்துவரிடமோ மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ வெளிப்படையாகக் கூறுங்கள். காலி செய்து தொடர்ந்து பயன்படுத்தக்கூடிய பைகள், காப்பீட்டு உதவி, தொண்டு அமைப்புகளின் உதவி ஆகியவற்றுக்கு வழிகாட்ட இயலும்.

பட்டினி தீர்வாகாது

திருமணத்துக்குச் செல்வதற்கு முதல்நாளே உண்பதை நிறுத்துவதும், பேருந்துப் பயணத்தின்போது நீர் அருந்தாதிருப்பதும் ஸ்டோமா உள்ளோரிடம் அடிக்கடி காணப்படும் பழக்கங்கள். மலம் வெளியேறுவதை நிறுத்தவே இவ்வாறு செய்கின்றனர். வெறும் வயிற்றிலும் குடல் நீரையும் வாயுவையும் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே இம்முயற்சியால் பயன் குறைவு, தீங்கு மிகுதி.

குறிப்பாக இலியோஸ்டமி உள்ளோர் நாள்தோறும் நீரையும் உப்பையும் மிகுதியாக இழக்கின்றனர். அவர்கள் நீர் அருந்தாதிருந்தால் தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை விரைவில் ஏற்படலாம். கோடைக்காலத்தில் இந்த ஆபத்து கூடும். கழிவு வழக்கத்தைவிட மிகுந்தால் வெறும் நீர் மட்டும் போதாது. உப்புச் சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். தேவைப்படும்.

உண்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சிறிதளவாகப் பலமுறை, குறித்த நேரத்தில், நன்கு மென்று உண்ணுங்கள். புதிய உணவை ஒவ்வொன்றாகச் சேர்த்து, உங்கள் உடல் ஏற்பதைக் கண்டறியுங்கள். இலியோஸ்டமி உள்ளோர் தேங்காய்த் துண்டு, மக்காச்சோளம், காளான், கொட்டை வகைகள், நார் மிகுந்த காய்கள் ஆகியவற்றைத் தொடக்கத்தில் தவிர்க்க வேண்டும். அவை திறப்பில் அடைப்பை ஏற்படுத்தக்கூடும்.

யாரிடம் சொல்வது

உங்கள் அறுவைச் சிகிச்சை பற்றி யாரிடம், எவ்வளவு கூறுவது என்பது உங்கள் உரிமை. அனைவரிடமும் விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எவரிடமும் கூறாது மறைத்து வாழ்வதோ மிகுந்த களைப்பைத் தரும். வீட்டில் ஒருவர், வெளியில் ஒருவர் என நம்பிக்கைக்குரிய இருவராவது அறிந்திருப்பது உதவும். பணியிடத்தில் அவசரமாகக் கழிப்பறைக்குச் செல்ல நேர்ந்தால் இடத்தைப் பார்த்துக்கொள்ளவும், பயணத்தில் துணை நிற்கவும் அத்தகைய ஒருவர் தேவை.

மற்றவர்கள் கேட்கும்போது கூறுவதற்கு ஒரு சிறு விடையை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருங்கள். "வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தது, இப்போது தேறி வருகிறேன்" என்ற அளவே போதுமானது. சிறு குழந்தைகளிடம் எளிய உண்மையைக் கூறலாம். "தாத்தாவுக்கு வயிற்றில் நோய் வந்தது. டாக்டர் வேறு வழி வைத்திருக்கிறார்" என்றால் அவர்கள் ஏற்றுக்கொள்வர். மூடி மறைப்பதே அவர்களுக்கு அச்சத்தைத் தருகிறது.

அதே பாதையைக் கடந்து வந்த ஒருவரிடம் பேசுவதால் கிடைக்கும் ஆறுதல் தனித்தன்மை உடையது. ஸ்டோமா பராமரிப்பு ஒரு தனிச் செவிலியப் பணியாக வளர்ந்ததே இவ்வாறுதான். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் அறுவை மருத்துவர் ரூப்பர்ட் டர்ன்புல், தாமே இலியோஸ்டமி செய்துகொண்டவரான நார்மா கில் என்ற பெண்மணியை மற்ற நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுப்பதற்காக 1958-ஆம் ஆண்டு பணியில் அமர்த்தினார். உங்கள் மருத்துவமனையில் இதே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு நலமாக வாழும் ஒருவரைச் சந்திக்க இயலுமா எனக் கேளுங்கள்.

உடை, பயணம், வழிபாடு

ஸ்டோமா அமையவிருக்கும் இடம், திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்கு முன் வயிற்றில் குறிக்கப்படும். அவ்வேளையில் நீங்கள் படுத்தும் அமர்ந்தும் நின்றும் குனிந்தும் காட்ட வேண்டும். வேட்டி, சேலை, பாவாடை நாடா, பெல்ட் ஆகியவற்றை வழக்கமாக எந்த இடத்தில் கட்டுகிறீர்கள் என்பதையும் கூறுங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் நாடா ஸ்டோமாவின்மேல் அழுந்தாதவாறு சற்று மேலேயோ கீழேயோ கட்டிக்கொள்ளலாம். தளர்ந்த மேலாடையின்கீழ் பை வெளியில் தெரியாது.

பையுடனோ பையில்லாமலோ குளிக்கலாம். நீர் ஸ்டோமாவுக்குள் புகாது. இலியோஸ்டமி உள்ளோருக்குக் காலையில் உணவுக்கு முன் பையை மாற்றுவது எளிது; அப்போது கழிவு குறைவாக இருக்கும்.

பயணத்தின்போது, தேவைப்படும் எனக் கருதும் பைகளைப்போல் இருமடங்கு எடுத்துச் செல்லுங்கள். முன்பே துளை வெட்டிய தகடு, சிறு துணி, நீர்ப்புட்டி, கழிவிட ஓர் உறை, மாற்றுடை ஆகியவற்றை ஒரு கைப்பையில் வைத்து உடன் வைத்திருங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்தில் பைகளை விட்டுவிட்டால் ஒட்டுப்பசை கெட்டுவிடும். முதல் வெளிப்பயணம் அருகிலுள்ள உறவினர் வீட்டுக்கு ஒரு மணி நேரம் சென்று வருவதாக இருக்கட்டும். அதன்பின் நேரத்தையும் தொலைவையும் கூட்டிக்கொள்ளலாம்.

"தீட்டு" என்ற எண்ணத்தால் பூசையறைக்கும் வழிபாட்டிடங்களுக்கும் செல்வதைப் பலர் நிறுத்திவிடுகின்றனர். மலம் ஒவ்வொருவர் குடலிலும் எந்நேரமும் உள்ளது. உங்களிடம் அது மூடிய ஒரு பையில் உள்ளது. பையைக் காலி செய்து, தூய்மை செய்துகொண்டு வழிபாட்டில் கலந்துகொள்வதற்கு மருத்துவ முறையில் எத்தடையும் இல்லை. சமய முறை பற்றிய ஐயம் இருப்பின் உங்கள் சமயப் பெரியவரிடம் நேரடியாகக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். கேட்காமலே விலகி நிற்க வேண்டியதில்லை.

வேலைக்குத் திரும்புதல்

அலுவலகப் பணிக்குப் பெரும்பாலோர் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் திரும்ப இயலும். புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை தொடருமானால் காலம் கூடலாம். மூட்டை தூக்குதல், நீர்க்குடம் சுமத்தல், கட்டடப் பணி, உழவு ஆகியவற்றில் ஈடுபடுவோர் மருத்துவர் அனுமதிக்கும்வரை பளு தூக்கக் கூடாது. ஸ்டோமாவின் அருகில் குடலிறக்கம் ஏற்படும் வாய்ப்பு உண்டு. பளு தூக்கும் பணி இன்றியமையாததெனில், வயிற்றைத் தாங்கும் பட்டை, மாற்றுப் பணி ஆகியவை குறித்து மருத்துவரிடம் ஆலோசியுங்கள். வருவாய் ஈட்டுபவராக இருந்தவர் வீட்டில் முடங்குவது அவருடைய மனநிலையைப் பெரிதும் பாதிக்கும். முழுவேலைக்குத் திரும்பும்வரை கணக்கு எழுதுதல், கடையில் அமர்தல் போன்ற இலகுவான பொறுப்புகளை ஏற்பது நல்லது.

கணவன் மனைவி உறவு

இப்பொருளை நோயாளிகள் தாமாகக் கேட்பது அரிது. மருத்துவர்களும் நேரமின்மையால் பேசாமல் விடுவதுண்டு. உடல் தேறி, மருத்துவர் அனுமதித்த பின் தாம்பத்திய உறவு கொள்ளலாம். அதனால் ஸ்டோமாவுக்குத் தீங்கு நேராது. முன்னதாகப் பையைக் காலி செய்வதும், துணியுறை அல்லது அகன்ற துணிப்பட்டையால் அதை மறைப்பதும் தயக்கத்தைக் குறைக்கும்.

மலக்குடல் அறுவைச் சிகிச்சையிலும் இடுப்புப் பகுதிக் கதிரியக்கச் சிகிச்சையிலும் நரம்புகள் பாதிக்கப்படலாம். ஆண்களுக்கு விறைப்புக் குறையவும், பெண்களுக்கு வறட்சியும் வலியும் ஏற்படவும் இது காரணமாகலாம். இவற்றைத் துணைவர் தம்மீது கொண்ட வெறுப்பு எனத் தவறாக எண்ணித் தனித்தனி அறைகளில் உறங்கத் தொடங்கும் தம்பதியர் உளர். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஸ்டோமா உள்ள பெண்கள் கருவுற்றுக் குழந்தை பெறவும் இயலும். கருவுறுதலுக்கும் கருத்தடைக்கும் முன் மருத்துவரின் ஆலோசனை தேவை. திருமணமாகாத இளைஞர்களும் தங்கள் ஐயங்களைத் தயங்காது கேட்கலாம்.

குடும்பத்தினருக்கு

முதன்முறை பையைக் காண்கையில் உங்களுக்கு அருவருப்புத் தோன்றினால் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. பழகப்பழக அது மறையும். ஆனால் மூக்கைப் பொத்திக்கொள்ளுதல், தனித்தட்டு, தனிப்பாய், தனியறை என ஒதுக்குதல் ஆகியவற்றை நோயாளி ஒருபோதும் மறப்பதில்லை. ஸ்டோமா தொற்றுநோயன்று. அவருடன் சேர்ந்து உண்ணுங்கள், அருகில் அமருங்கள்.

• அவர் செய்யக்கூடியதை அவரே செய்ய விடுங்கள்; தாமதமானாலும் பொறுத்திருங்கள்.
• அவர் அனுமதியின்றி உறவினரிடம் விவரம் கூறாதீர்கள், பையைக் காட்டாதீர்கள்.
• "எல்லாம் சரியாகிவிடும்" என்று பேச்சை முடிப்பதைவிட, "உங்களுக்கு எது கடினமாக இருக்கிறது?" எனக் கேட்டுச் செவிமடுங்கள்.
• பராமரிப்பவரும் ஓய்வெடுக்க வேண்டும். ஒருவரே முழுச்சுமையையும் ஏற்காமல் மற்றொருவரும் பையை மாற்றக் கற்றுக்கொள்ளட்டும்.
• பள்ளி செல்லும் குழந்தைக்கு ஸ்டோமா இருப்பின், வகுப்பாசிரியரிடம் தனியே தெரிவித்து, கழிப்பறைக்கு எப்போது வேண்டுமானாலும் செல்ல அனுமதி பெறுங்கள்.

ஸ்டோமா மூடப்பட்ட பின்

ஸ்டோமா மூடப்பட்டதும் அனைத்தும் பழைய நிலைக்கு உடனே திரும்பும் எனப் பலர் எதிர்பார்க்கின்றனர். மலக்குடலின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்களுக்கு அடிக்கடி மலம் கழிதல், அடக்க இயலாத அவசரம், கசிவு ஆகியவை தொடக்கத்தில் ஏற்படலாம். பை இருந்த காலமே மேல் என்று சிலர் மனம் வருந்துவதும் உண்டு. பெரும்பாலோருக்கு முதல் ஓராண்டில் இத்தொல்லைகள் படிப்படியாகக் குறைகின்றன. உணவுமுறை மாற்றம், இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, மருத்துவர் பரிந்துரைக்கும் மருந்துகள் ஆகியவை உதவும். அறுவைச் சிகிச்சை தோல்வியுற்றதாகக் கருதி மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிட வேண்டாம்.

எப்போது உதவி நாட வேண்டும்

பின்வரும் நிலைகள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள்: நாள் முழுதும் சோகம், எதிலும் ஈடுபாடின்மை, உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, வீட்டைவிட்டு வெளியேற மறுத்தல், பையைப் பார்க்கவே மறுத்தல், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வர மறுத்தல். மனச்சோர்வு சிகிச்சையால் குணமாகக்கூடியது.

வாழ விருப்பமில்லை என்ற எண்ணமோ தற்கொலை எண்ணமோ தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். குடும்பத்தினர் அவரைத் தனியே விடாமல் உடனிருக்க வேண்டும்.

ஸ்டோமா கருத்தோ ஊதா நிறமாகவோ மாறுதல், நிற்காத இரத்தப்போக்கு, கழிவே வெளியேறாமல் வயிற்றுவலியும் வாந்தியும் ஏற்படுதல், கழிவு மிகுந்து தலைச்சுற்றலும் சிறுநீர்க் குறைவும் தோன்றுதல் ஆகியவை அவசர நிலைகள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தேவைப்பட்டால் 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

மறுபரிசோதனைக்கு வரும்போது மருத்துவரிடம் காயத்தை மட்டும் காட்டித் திரும்பிவிடாதீர்கள். கடந்த மாதம் எங்கெல்லாம் சென்று வந்தீர்கள், எங்கெல்லாம் செல்லத் தயங்கினீர்கள் என்பதையும் கூறுங்கள். செல்லத் தயங்கிய இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். கசிவு, உடை, பணம், வெட்கம் ஆகிய காரணங்களுள் எதுவாயினும் அதற்கேற்ற உதவியை மருத்துவக் குழு தேட இயலும்.